மெருகுக் கூடத்தில் மதியத் தூக்கம்

போன வாரம் பெய்-ரோங்கை ஆலை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், அவள் கையில் ஒரு தண்ணீர்க் குழாய். ஜப்பானிலிருந்து திரும்பி வந்த குழாய். மேலே பூசிய முலாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, ஓரத்தில் உரிந்து, உள்ளே இருந்த பித்தளை பல்லிளித்துக்கொண்டிருந்தது.

"இது தெரியாம நடந்தது இல்லடா. பார்த்துட்டேதான் பெட்டியில போட்டிருக்காங்க. யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்," என்று, ஆலையில் மெருகு வேலையைக் கவனிக்கும் தம்பி குவான்-தாவிடம் சொன்னாள்.

குவான்-தா பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டு கடல் இருக்கும் திசையைப் பார்த்தான். அங்கேதான் கதையை நிறுத்தியிருந்தோம்.

எனக்குப் பெய்-ரோங்கைப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தைபேயில் பெரிய கம்பெனி ஒன்றில், யார் நன்றாக வேலை செய்கிறார்கள், யார் செய்வதில்லை, ஏன் செய்வதில்லை என்று அளந்து சொல்லும் வேலையில் இருந்தவள். அம்மா பாவ்-யுவேவுக்கு இடுப்பு வலி வந்ததும் அந்த நாற்காலியை உதறிவிட்டு எங்கள் கடலோர ஊரான லூகாங்குக்கே திரும்பி வந்து, குடும்பத்தின் குழாய் ஆலையைத் தலையில் தூக்கிக்கொண்டாள். இந்தக் காலத்தில் எந்தப் பெண் வருவாள்? ஆனால் பிடித்த பெண் என்பதற்காக, அவள் செய்ததெல்லாம் சரி என்று நான் சாதிக்கப் போவதில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. ஜப்பானில் ஒசாகாவிலிருந்து ஹொன்மா வருகிறார்; மரியாதைக்கு 'ஹொன்மா ஸான்' என்போம். மூன்று மணிக்கு வருவதாகத் தகவல். ஆலையில் செய்யும் குழாயில் பாதிக்கு மேல் அவருடைய கம்பெனிக்குத்தான் போகிறது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், குழாய்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் மெருகுக் கூடத்தை மூட வேண்டியதுதான். அங்கே வேலை செய்கிறவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற நினைப்பிலேயே பெய்-ரோங் காலையில் கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

எதிரே அம்மா. வேர்க்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கஞ்சியில் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"தூங்கினியாம்மா?"

"ராத்திரி தூங்கினேன்."

"அப்புறம் என்ன?"

"ராத்திரி எல்லாரும்தான் தூங்குறாங்க," என்றாள் பாவ்-யுவே. "விளக்கை எப்பத்தான் அணைக்கப் போறே?"

"அம்மா, இன்னிக்கு அந்தப் பேச்சு வேணாம். ப்ளீஸ்."

"நான் எங்கடி பேசினேன்? கேட்டேன், அவ்வளவுதான்."

இந்த விளக்குச் சண்டை இரண்டு மாதமாக நடக்கிறது. எங்கள் தீவில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாள் முதல் மதியம் மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்கப் பழக்குகிறார்கள். பிறகு ஆபீஸோ ஆலையோ, எங்கே போனாலும் அந்தப் பழக்கம் கூடவே வரும். சாப்பாடு முடிந்ததும் பன்னிரண்டரைக்கு விளக்கை அணைப்பார்கள். ஒரு மணிக்குப் போடுவார்கள். நடுவில் போன் அடித்தாலும் எடுக்க ஆளில்லை.

பெய்-ரோங் வந்ததும் அதை எடுத்துவிட்டாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. 'மத்தியானம் அரை மணி தூங்குறதுக்குப் பதிலா, சாயங்காலம் அரை மணி முன்னாடியே வீட்டுக்குப் போங்க. குழந்தைகளோட இருங்க' என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். அங்கே இருந்திருந்தால் நானும் தட்டியிருப்பேன்.

ஆனால் கை தட்டிய அந்த வாரத்திலிருந்தே மெருகு கெட ஆரம்பித்தது.

* * *

காலைக் கூட்டம் பலகைக்கு முன்னால். அதுவும் பெய்-ரோங் கொண்டு வந்ததுதான். வெள்ளைப் பலகையில் எல்லார் பெயரும் இருக்கும். அன்றைக்கு ஒருவர் வரிசையில் கெட்ட குழாய் இல்லையென்றால் பெயருக்கு நேரே பச்சைக் காந்தம். இருந்தால் சிவப்பு. மூன்று சிவப்பு சேர்ந்தால் மெருகு வேலையிலிருந்து பெட்டி கட்டும் வேலைக்கு மாற்றம். மாத முடிவில் பச்சை அதிகம் வாங்கியவருக்குக் கைதட்டலும் பரிசும்.

சுன்-சியா பெயருக்கு நேரே பச்சை தவிர வேறெதுவும் இருந்ததில்லை. பெய்-ரோங் பள்ளிக்கூடப் பையோடு அலைந்த காலத்திலிருந்தே இந்த ஆலையில் இருப்பவள் அவள். வியட்நாமிலிருந்து வந்த ஹானின் பெயருக்கு நேரே இரண்டு சிவப்பு. இந்த வாரம் கூட்டம் முடிந்ததும் ஹான் பலகையைப் பார்க்காமலே போய்விடுகிறாள்.

கூடத்தின் உயரமான ஜன்னல்கள் வழியாக வெயில் சாய்ந்து விழுந்தது. பித்தளைத் தூள் அதில் மிதந்தது. நேற்றைய தூள்தான், ராத்திரி முழுக்க இறங்க மனமில்லாமல் அங்கேயே சுற்றியதுபோல மெல்லப் புரண்டது. நிற்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பொன்னிறத்துக்குள் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தார்கள்.

பெய்-ரோங் உரிந்த குழாயைத் தூக்கிக் காட்டினாள்.

"ஹொன்மா ஸான் மூணு மணிக்கு வர்றார். வந்ததும் கேக்கப்போற முதல் கேள்வி, இதை யாரு பார்த்துட்டே விட்டதுன்னுதான். யாரு?"

வெளியே, எங்கள் சந்திரக் கணக்கின் ஒன்பதாம் மாதத்தில் வீசும் கடல்காற்று தகரக் கதவை உலுக்கிக்கொண்டிருந்தது.

"நானே கண்டுபிடிச்சா நல்லா இருக்காது. யாரு?"

சுன்-சியா கையுறையை மாட்டிக்கொள்ளத் தொடங்கினாள். ஹான் குவான்-தாவைப் பார்த்தாள். குவான்-தா தன் செருப்பைப் பார்த்தான்.

"சரி. மூணு மணிக்குள்ள தெரியலைன்னா, மெருகுக் கூடத்துல எல்லாருக்கும் சிவப்பு."

சொன்ன கையோடு அவளுக்கே அது பிடிக்கவில்லை. ஆனால் சொல்லியாகிவிட்டது. மெருகுச் சக்கரங்கள் சுழல ஆரம்பித்தன. அந்த இரைச்சலில் யாரும் யாரையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

* * *

பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் முன்பு ஆலை வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் மடக்குக் கட்டில் கட்டியிருந்தது. முன்கூடையில் பூப்போட்ட தலையணை.

பாவ்-யுவே இறங்கினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். காவலாளி ஓடி வந்து கட்டிலைத் தூக்கிக்கொண்டான். எங்கே போடுவது என்று அவன் கேட்கவே இல்லை. மெருகுக் கூடத்தின் நடுவே, முப்பது வருடமாக அது கிடந்த இடத்திலேயே போட்டான்.

டிபன் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன.

"முதலாளியம்மா!" என்றாள் சுன்-சியா.

"சாப்பிட்டீங்களா எல்லாரும்? நல்லது."

பெய்-ரோங் தன் அறையிலிருந்து வேகமாக வந்தாள். "அம்மா, என்னம்மா இது? இன்னிக்குப் போயி!"

"நான் உன் வேலையில தலையிட வரலடி," என்றாள் பாவ்-யுவே. "நீ மேனேஜர், நீ என்ன வேணாலும் பண்ணு. எனக்குத் தூக்கம் வேணும். ரெண்டு மாசமா வீட்டுல மத்தியானம் படுத்துப் படுத்துப் பார்க்கிறேன். கண்ணு மூட மாட்டேங்குது. அந்த வீடு ஒரே அமைதி. யாரும் இருமறதில்ல, புரள்றதில்ல. எப்படித் தூங்குறது?"

"அதுக்காக இங்கயா?"

"இங்க இல்லாம? போஸ்ட் ஆபீஸ்லயா போய்ப் படுக்கிறது?"

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமி மறைத்தார்கள்.

பாவ்-யுவே சுவரருகே போனாள். அங்கே வரிசையாக விளக்குப் பொத்தான்கள். உள்ளங்கையை அகல விரித்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. கூடம் இருண்டது.

முழு இருட்டு இல்லை. ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சம் தரையில் கிடந்தது. குழாய்கள் ரேக்குகளில் வரிசை வரிசையாக, அந்த வெளிச்சத்தைத் தண்ணீர்போலப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றன. பாவ்-யுவே கட்டிலில் ஏறிப் படுத்தாள். தலையணையைத் தட்டினாள். சுவர்ப் பக்கம் புரண்டாள்.

பெய்-ரோங் பொத்தானை நோக்கிக் கை நீட்டினாள். அதற்குள் கூடத்தில் என்ன நடந்தது தெரியுமா? ஒரு நாற்காலி இழுபட்டது. இன்னொன்று இழுபட்டது. ஹான் தன் ஜாக்கெட்டை மடித்து மேஜைமேல் வைத்து அதில் கன்னத்தைப் புதைத்துக்கொண்டாள். பெட்டி அட்டைகளை விரித்து இரண்டு பேர் தரையிலேயே நீட்டிவிட்டார்கள். சுன்-சியா மட்டும் கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் தலையும் கவிழ்ந்தது.

ஒருவரும் பெய்-ரோங்கிடம் அனுமதி கேட்கவில்லை. அலை வந்து மணலை நனைப்பதுபோல, வரிசையாகச் சாய்ந்தார்கள். கட்டிலிலிருந்து குறட்டை கிளம்பியது. அந்தக் குறட்டையை எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும்.

நீட்டிய கையைப் பெய்-ரோங் இறக்கிக்கொண்டாள். கூடத்தில் விழித்திருப்பது அவள் மட்டும்தான் என்று தோன்றியது.

இந்த நிற்பு அவளுக்குப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் மதியம் எல்லாரும் மேஜையில் கவிழ்ந்திருக்க, கையில் மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு வராந்தாவில் நடப்பவள் அவள். கண் திறந்திருக்கும் பிள்ளையின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவள் வேலை. அத்தனை வருடத்தில் ஒரு மதியம்கூட அவள் தூங்கியதில்லை. தூங்காதவர்களைப் பிடிப்பதற்காகத் தூங்காமல் இருந்தாள்.

"அக்கா."

ரேக்குக்குப் பின்னால், கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் குவான்-தா உட்கார்ந்திருந்தான்.

"நீ தூங்கலையா?" என்றாள் கிசுகிசுப்பாக.

"பேரை எழுதிடாதே. போன தடவை எழுதினதுக்கு வெயில்ல முட்டி போட்டேன். மூணாங்கிளாஸ்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை. பெட்டியில் நகர்ந்து இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள். இருட்டில் தம்பியின் முகம் சரியாகத் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ அவனும் சொல்லிவிட்டான்.

"அந்தப் பெட்டியை விட்டது நான்தான்கா."

காற்று தகரத்தைத் தட்டியது.

"ஹான்தான் பார்த்தா. ஓரமெல்லாம் ரொம்பத் தேஞ்சிருக்கு, முலாம் நிக்காதுன்னு என்கிட்ட வந்து சொன்னா. அவ சொன்னது சரி. நான் வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தேன். அப்பவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் விட்டியா? குவான்-தா, உனக்கு மூளை இருக்கா?"

"மெதுவாப் பேசு. அவளுக்கு ஏற்கெனவே ரெண்டு சிவப்பு. எதுக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"கெட்ட குழாய் வந்ததுக்கு."

"கெட்ட குழாய் எல்லார்கிட்டயும் வருது. அவ வந்து சொன்னா. சொன்னவளுக்குத்தானேக்கா நீ சிவப்பு வெச்சே?"

பெய்-ரோங் இருட்டில் பலகை இருந்த பக்கம் திரும்பினாள்.

"மூணாவது சிவப்பு விழுந்தா பெட்டி கட்டப் போகணும். கையில நல்ல வேலை இருக்கிற பொண்ணு. அதனால, நீ சொல்லாதே, நான் பார்த்துக்கறேன்னுட்டேன். உன்கிட்ட சொல்லணும்னு தினமும் உன் ரூம் வரைக்கும் வருவேன். நீ கம்ப்யூட்டரைப் பார்த்துட்டே 'யாரு'ன்னு கேப்பே. திரும்பிப் போயிடுவேன்."

"என்கிட்ட பயமா? நான் உன் அக்காடா!"

"அக்காகிட்ட பயமில்ல. மேனேஜர்கிட்டதான்."

கட்டிலில் அம்மாவின் குறட்டை ஏறி இறங்கியது.

"முன்னாடியெல்லாம் என்ன நடக்கும் தெரியுமா?" என்றான் குவான்-தா. "விளக்கைப் போட்டதும் அம்மா டீக் கெண்டியைத் தூக்கிட்டு வருவாங்க. தலையெல்லாம் கலைஞ்சு, கன்னத்துல தலையணைத் தழும்போட. ஒவ்வொருத்தருக்கா ஊத்திக்கிட்டே, 'இன்னிக்கு என்ன கெட்டுப்போச்சு?'ன்னு கேப்பாங்க. இவ்வளவு நேரம் வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கின அம்மாகிட்ட எவனுக்குப் பயம் வரும்? தூக்கக் கலக்கத்துல எல்லாத்தையும் கொட்டிடுவாங்க. அவங்க திட்டுவாங்க, எல்லாரும் சிரிப்பாங்க, கெட்டதெல்லாம் தனியாப் போயிடும். அது ஒரு பெரிய விஷயம்னு எனக்கே அப்ப தெரியல. அம்மாவுக்கும் தெரியாது. அவங்களுக்கு டீ குடிக்கணும், அவ்வளவுதான்."

பெய்-ரோங்குக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் வெட்கம் வந்தது. தம்பிமேல் பாயலாம் என்று பார்த்தாள், அதற்கும் தெம்பில்லை. தைபேயில் ஆட்களை அளந்து பெயர் வாங்கியவள், தன் வீட்டு ஆலையில் வாயைத் திறப்பவர்களுக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹொன்மா வர இன்னும் நேரம் இருக்கிறது. அவரிடம் தம்பியின் பெயரைச் சொல்வதா? சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

"நீ கொஞ்சம் சாயேன்," என்றான் குவான்-தா. "பார்க்கவே பேய் மாதிரி இருக்கே."

"எனக்கு மத்தியானம் தூக்கம் வராது."

"சரி, தூங்காதே. சும்மா தலையை வை."

பக்கத்து மேஜையின் காலி நாற்காலிக்கு மாறி, கை மடித்துத் தலையை வைத்தாள். மரத்தில் பித்தளை வாசமும் யாருடையதோ ஊறுகாய் முள்ளங்கி வாசமும் இருந்தது. சுற்றிலும் மூச்சு. ஒன்று ஏறினால் ஒன்று இறங்கியது. எது யாருடையது என்று பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

பள்ளிக்கூட வராந்தா வந்தது. மிக நீளம். கையில் மஞ்சள் பட்டை. ஒவ்வொரு வகுப்பிலும் மேஜைக்கு மேஜை பித்தளைக் குழாய்கள் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு குழாய் மட்டும் விழித்திருந்து மெல்லச் சொட்டியது. பெயரை எழுதக் கரும்பலகைக்குப் போனாள். எழுதிய எழுத்தெல்லாம் தண்ணீராக வழிந்து காலடியில் தேங்கியது. தண்ணீர் கணுக்கால் வரை வந்தது. கடல் வாசம் அடித்தது. அவளுக்குப் பயமாக இல்லை. பட்டையை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டாள். அது ஒரு மஞ்சள் மீனாகி நெளிந்து போனது.

* * *

கண் விழித்தபோது விளக்கு இன்னும் போடவில்லை. வாசல் கதவு பாதி திறந்திருந்தது. அந்த வெளிச்சத்தில், கையில் பையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் காவலாளி கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

ஹொன்மா!

பெய்-ரோங் துள்ளி எழுந்தாள். நாற்காலி கவிழ்ந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில் வரிசையாகத் தலைகள் உயர்ந்தன. யாரோ விளக்கைப் போட்டார்கள். கூடம் முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டது.

"மன்னிக்கணும், சீக்கிரம் வந்துட்டேன்," என்றார் ஹொன்மா. எங்கள் பாஷையை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். "எனக்காகத் தயார் பண்ணாத நேரத்துல பார்க்கணும்னு நினைச்சேன். எழுப்ப மனசு வரல."

"நீங்க... எவ்வளவு நேரமா..."

"உங்க அம்மா இப்பத்தான் புரண்டு படுத்தாங்க. அப்ப வந்தேன்."

பெய்-ரோங்கின் முடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில் சட்டைக் கையின் மடிப்பு அப்படியே பதிந்திருந்தது. அந்தக் கோலத்தோடு அவரைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். எதைச் சொல்வது என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கிற அளவுக்குத் தூக்கம் தெளியவில்லை.

"ஹொன்மா ஸான், உங்ககிட்ட வந்த பெட்டியில குறை இருக்குன்னு இங்க தெரியும். தெரிஞ்சேதான் அனுப்பினோம்."

கூடம் விறைத்துப்போனது.

"யார்?" என்றார் ஹொன்மா. காலையில் அவள் கேட்ட அதே கேள்வி.

குவான்-தா ஓர் அடி எடுத்து வைத்தான். பெய்-ரோங் முழங்கையால் அவனைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"ஷி பெய்-ரோங். மேனேஜர்," என்றாள். "குறையைச் சொல்றவங்களுக்குச் சிவப்பு, சொல்லாதவங்களுக்குப் பச்சைன்னு அந்தப் பலகையை மாட்டினது நான்தான். வேற பேர் கேக்காதீங்க. என்கிட்ட இல்ல."

ஹொன்மா பலகையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பையைத் திறந்து ஒரு குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தார். பக்கத்தில் இன்னொன்றையும் வைத்தார்.

"முதல்ல இருக்கிறது நீங்க சொல்ற பெட்டி. ரெண்டாவது அதுக்கு அப்புறம் வந்த பெட்டி. அதை இன்னும் உங்களுக்கு எழுதல. நேர்ல காட்டலாம்னு கொண்டு வந்தேன்."

இரண்டாவதிலும் அதே கொப்புளம்.

பெய்-ரோங் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். குவான்-தாவின் முகம் வெளுத்திருந்தது. "சத்தியமா இது நான் இல்லக்கா. இதைப் பத்தி எனக்குத் தெரியாது," என்றான் அடிக்குரலில்.

'யாரு?' என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்தது. கட்டிலில் அம்மா எழுந்து உட்கார்ந்து, காலால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஊரே கவிழ்ந்தாலும் அவளுக்கு இப்போது டீ வேண்டும். மூலையில், பழைய வழக்கப்படி காவலாளி வைத்திருந்த டீக் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது.

பெய்-ரோங் போய்க் கெண்டியை எடுத்தாள். முதல் மேஜையில் ஹான். கோப்பையில் ஊற்றினாள்.

"இன்னிக்கு என்ன கெட்டுப்போச்சு?"

ஹான் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவள் கன்னத்தில் இருந்த மடிப்பைத்தான் பார்த்தாள்.

"என் சக்கரம் ஆடுது, மேனேஜர். திங்கட்கிழமையிலேர்ந்து ஆடுது."

"சரி. மாத்திடலாம்." அடுத்த கோப்பை. "உங்களுக்கு?"

"காலையில பண்ணினதுல நாலஞ்சு குழாய் ஓரம் போச்சு. பச்சைப் பெட்டிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், "என்னுதும் அங்கதான் இருக்கு," என்றார். ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள், கொட்டாவிக்கு நடுவில், முனகலாக. ஆனால் அந்த இரண்டாவது குழாயைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பெய்-ரோங் கடைசி மேஜைக்கு வந்தாள். சுன்-சியாவிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்றுதான் நினைத்தாள். பலகை முழுக்கப் பச்சை வாங்கியவளிடம் என்ன கேட்பது? இருந்தாலும் ஊற்றினாள்.

சுன்-சியா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

"பெய்-ரோங்," என்றாள். மேனேஜர் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பையோடு ஓடி வரும் காலத்தில் எப்படிக் கூப்பிடுவாளோ, அப்படிக் கூப்பிட்டாள். "அந்தக் குழாய் என் வரிசை. கண்ணு முன்ன மாதிரி இல்ல, மத்தியானத்துக்கு மேல எல்லாம் ஒண்ணு போலத் தெரியுது. தப்புன்னு தெரிஞ்சப்புறமும் சொல்லல. பச்சை வாங்கினதுக்கு எல்லாரும் கை தட்டினீங்களே, அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

பெய்-ரோங்குக்கு இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனதுபோல இருந்தது. அழுகை வந்துவிடும்போல இருந்தது, அடக்கவில்லை.

"இந்த ஒரு பெட்டிதானாக்கா?"

சுன்-சியா தலையாட்டினாள். இல்லை என்று.

"இன்னும் நாலு பெட்டி இருக்கு. போன வாரம் ஏத்தியாச்சு. இப்போ கடல்ல போய்க்கிட்டிருக்கு."

கையிலிருந்த கெண்டி சாய்ந்து டீ மேஜையில் ஓடியதைப் பெய்-ரோங் கவனிக்கவில்லை. ஹொன்மா பக்கம் திரும்பிப் பார்க்கவே பயந்தாள்.

ஹொன்மா பையை மூடினார். கோட்டைக் கழற்றினார். எங்கே மாட்டுவது என்று சுற்றிப் பார்த்துவிட்டு, சிவப்பும் பச்சையும் பதித்த அந்தப் பலகையின் மூலையிலேயே மாட்டினார். பாதிப் பெயர்கள் மறைந்துபோயின. பிறகு ஒரு காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்து நீட்டினார்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க," என்றார். "அப்புறம் அந்தக் கப்பல் எங்க இருக்குன்னு பார்ப்போம்."